பொன்னாடை போன வீடு

நொச்சிமேட்டில் பொன்னாடைகள் மேடையை விட்டு இறங்கிப் போகத் தொடங்கியது ஒரு தை மாதத்தில், அதுவும் எண்ணெய் மில் நாச்சிமுத்துவின் தோளிலிருந்துதான் என்பதில் ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஏனென்றால் அந்த ஊரில் மேடை என்று ஒன்று போட்டால் அதில் நாச்சிமுத்து இருப்பார், நாச்சிமுத்து இருந்தால் அவர் தோளில் ஒரு பொன்னாடை விழும், விழுந்ததும் அவர் மைக்கைப் பிடித்து, தொண்டை கம்ம, தன் தாயையும் தாரத்தையும் பற்றிப் பேசுவார். சிறிய ஊர்தான், ஆனால் பாராட்டு விழா நடத்த அங்கே காரணம் கிடைக்காமல் போனதில்லை. தண்ணீர்த் தொட்டி கட்டியதற்கு ஒரு விழா, தொட்டியில் தண்ணீர் ஏறியதற்கு ஒரு விழா, அடுத்த வருஷம் அதே தொட்டிக்கு வர்ணம் அடித்ததற்கு ஒரு விழா. எல்லாவற்றிலும் நாச்சிமுத்து புரவலர், அல்லது தலைவர், அல்லது விழா நாயகர்.

"என்னைப் பெற்றவள் எனக்குக் கண்கண்ட தெய்வம்," என்று அவர் தொடங்குவார். "தலையில் எண்ணெய் டின்னைச் சுமந்து ஊர் ஊராக நடந்து என்னை ஆளாக்கியவள். எனக்கு வாய்த்தவள் என் வீட்டு விளக்கு. நான் மேடையில் நிற்க, அவள் மில்லில் நின்றாள். இந்தப் பொன்னாடை எனக்கு உரியதல்ல. அவர்கள் இருவருக்குமே உரியது." இதைக் கேட்டுக் கண்கலங்காத ஆண்கள் ஊரில் குறைவு. பாவாயியும் சாந்தாமணியும் மட்டும் அழுததில்லை. அவர்கள் எந்த விழாவுக்கும் வந்ததில்லை. வெளியூரிலிருந்து வரும் பெரிய மனிதர்களுக்கு மதியச் சாப்பாடு நாச்சிமுத்து வீட்டில் என்பது ஊர் வழக்கமாகிவிட்டதால், விழா நடக்கும் நேரத்தில் மனைவி சாந்தாமணி அடுப்பங்கரையில் வெந்துகொண்டிருப்பாள், தாய் பாவாயி முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவிச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். கல்யாண மண்டபத்துக் குழாய் ஒலிபெருக்கி அவர்கள் தெருவைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. பேச்சு அவர்களுக்கும் கேட்கும். வெங்காயத்துக்கு அழுததோடு சரி.

தடவித் தடவி உரித்ததற்குக் காரணம், பாவாயிக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் என்று ஈரோட்டுக் கண் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தபோது கோயில் குடமுழுக்கு வந்தது. பிறகு குடமுழுக்கைச் சிறப்பாக நடத்தியதற்குப் பாராட்டு வந்தது. பிறகு கார் வேறொரு விழாவுக்குப் போனது. அதற்குள் புரை முற்றி உள்ளேயே வெடித்து அந்தக் கண் போய்விட்டது. மிச்சமிருந்தது வலது கண். அதிலும் வெளிச்சம் மட்டும்தான், வெளிச்சத்துக்குள் ஆட்கள் நிழலாக நடந்தார்கள். இந்தப் பங்குனியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சாந்தாமணியிடம் சொல்லியிருந்தார். சாந்தாமணி நாச்சிமுத்துவிடம் சொல்லியிருந்தாள். நாச்சிமுத்து, பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்தத் தை மாத விழாவில், 'அவர்கள் இருவருக்குமே உரியது' என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பொன்னாடை அவர் தோளிலிருந்து எழுந்து, தூசி தட்டுவதுபோல் ஒருதரம் தன்னை உதறிக்கொண்டு, முன்வரிசைத் தலைகளுக்கு மேலாக மண்டபத்தின் பக்கவாசல் வழியே வெளியே போனது. அவசரப்படவில்லை. பேருந்து நிலையத்தின் மேல், மின்கம்பியின் உயரத்தில் போனது. டீக்கடை செங்கோடன் அண்ணாந்து பார்த்து, கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தொடர்ந்து ஆற்றினான். ஒரு காக்கை கொஞ்ச தூரம் கூடப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

வீட்டில் அப்போது சாந்தாமணி, அடுப்பில் சாம்பார் கொதிக்கிற இடைவெளியில், பாவாயியின் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து வலது கண்ணில் சொட்டு மருந்து விடப் போனாள். ஜன்னல் வழியே வந்த பொன்னாடை இரண்டு பேர் தோளையும் சேர்த்து ஒரே வீச்சில் போர்த்தியதில் கை ஆடி, மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்து வழிந்தது. அதுதான் குப்பியில் இருந்த கடைசிச் சொட்டு.

"ஆரது அம்மிணி, மேல கைய வெக்கறது?" என்றாள் பாவாயி.

"ஆருமில்லீங்க அத்தை. பொன்னாடைங்க."

"ஆரு கொண்டாந்தா?"

"தானா வந்துச்சுங்க."

பாவாயி ஜரிகையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "என்ன வேணுமாமா அதுக்கு?" என்றாள்.

சாப்பிட வந்த விருந்தாளிகள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா சாந்தாமணி, என்ற வார்த்தைக்கு இருக்கற பலத்த," என்றார். பிறகு, "எல போடு, நேரமாச்சு," என்றார். மருந்து தீர்ந்துவிட்டது, வாங்கி வர ஆள் அனுப்புங்கள் என்று அவள் சொன்னது, முறுகின வடை கேட்ட ஒருவரின் குரலில் அமுங்கிப்போனது.

ஊர் இதில் பெரிதாக அதிசயம் எதையும் காணவில்லை. உரியது என்று சொன்னார், உரியவர்களிடம் போயிற்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றான் செங்கோடன். அடுத்த வாரம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு நடந்த விழாவில் அவர் வழக்கம்போல் தன் மனைவிக்கு நன்றி சொல்ல, அவர் பொன்னாடையும் எழுந்து போனது. ரேஷன் கடை வரிசையில் பாமாயிலுக்கு நின்றுகொண்டிருந்த அந்த அம்மாள் மேல் அது விழுந்தது; என்னம்மா இது, ஓரமாப் போயி சரி பண்ணிட்டு வாங்க என்று கடைக்காரர் சொல்ல, அவள் ஓரமாகப் போய்ச் சரிசெய்துகொண்டு திரும்பியபோது வரிசையில் அவள் இடம் போயிருந்தது, எண்ணெயும் தீர்ந்திருந்தது. நகர நலச் சங்கப் பொருளாளரின் மனைவி தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்தது தறிக்குள் சிக்கிப் பாவு முழுக்க அறுந்து, அவள் அன்று பொழுது சாயும்வரை இழை முடிந்துகொண்டிருந்தாள். செத்துப்போன தாய்க்கு நன்றி சொன்னவரின் பொன்னாடை ஆற்றங்கரைச் சுடுகாட்டில் சாம்பல் மேட்டின்மேல் விரிந்து கிடந்தது, ஒரு நாய் அதில் படுத்தது. தன் உயிருக்குத் துணையானவளுக்கு என்று ஒருவர் உருகிச் சொன்ன பொன்னாடை, அவர் வீட்டைத் தாண்டித் தெற்குத் தெருவில் வேறொரு வீட்டுக்குப் போனது. அதைப் பற்றி ஊர் பேசவில்லை, பேசத் தேவையில்லாத அளவுக்கு அது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் அரிசிக்கடை முதலாளி, அம்மா அமெரிக்காவில் தங்கை வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள் என்று இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உரியது என்று மேடையில் சொன்னபோது, அவர் பொன்னாடை மேற்கே போனது, சுங்கச்சாவடியைத் தாண்டியதை லாரிக்காரர்கள் பார்த்தார்கள், பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் பின்கட்டில், கஞ்சித் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் மடியில் இறங்கியது. அன்றுதான் ஊர் சங்கடப்பட்டது. கிழவிக்காக அல்ல. இனி யார் மேடையேறினாலும் இந்த ஆபத்து உண்டே என்று சங்கடப்பட்டது.

நகர நலச் சங்கம் கூடியது. செயலாளர் தேவராசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிலைமையை விளக்கினார். முதலில் பொன்னாடையைச் சட்டையோடு ஊக்கு வைத்துக் குத்திப் பார்த்தார்கள். போகும்போது சட்டையையும் கிழித்துக்கொண்டு போனது, விழா நாயகர் பனியனோடு நின்றார். பொன்னாடைக்குப் பதில் துண்டு போட்டார்கள், துண்டும் போனது. தோளைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தினார்கள். போட்டோவில் கைதியைப் போல் இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவை எடுத்தபோது டீ மட்டும் ஒரு சுற்று அதிகமாக வந்தது: இனிமேல் மேடையில் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசுவதில்லை. மழையைப் பற்றிப் பேசலாம். மொழியைப் பற்றிப் பேசலாம். மாவட்டத்தின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசலாம். தாயும் தாரமும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு இது சுலபமாக இருந்தது. எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது அவர்களுக்கே வியப்பு. அடுத்தடுத்த விழாக்களில் பொன்னாடைகள் அசையாமல் தோளில் கிடந்தன, போட்டோக்கள் நன்றாக வந்தன. நாச்சிமுத்துவால் மட்டும் முடியவில்லை. அவர் பேச்சில் தாயை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது தலைமை வகித்தோருக்கு வணக்கம் மட்டும்தான். ஆகவே அவருடைய பொன்னாடைகள் மாசி முழுக்க வீடு தேடி வந்துகொண்டே இருந்தன. பச்சை, மஞ்சள், குங்குமச் சிவப்பு. பீரோ நிறைந்து, கட்டிலுக்கடியில் நிறைந்து, அரிசி மூட்டைகளின் மேல் அடுக்காக ஏறியது. சாந்தாமணி அவற்றுக்கு ஒரு உபயோகம் தேடிப் பார்த்தாள். அடுப்பு மேடை துடைத்தால் ஈரத்தை உறிஞ்சவில்லை. சூடான பாத்திரம் பிடித்தால் உருகி ஒட்டியது. பாவாயிக்குப் போர்த்தினால் உடம்பெல்லாம் அரித்தது, குளிரும் போகவில்லை. குழந்தையைக் கிடத்த முடியாது, வயிற்றில் சுருட்டிக் கட்ட முடியாது, ஒரு பிடி அரிசி முடிந்து வைக்க முடியாது. மனுஷர் மேல் போடுவதற்கென்றே நெய்த துணி, மனுஷருக்கு ஒன்றுக்கும் உதவாத துணி.

பங்குனி பிறந்தது. நாச்சிமுத்துவுக்கு 'நொச்சிமேட்டின் மாணிக்கம்' என்று பட்டம் கொடுப்பதாகச் சங்கம் தீர்மானித்தது. பட்டம் கொடுக்க, பத்திரிகைகளில் படம் வருகிற ஒரு பெரிய மனிதர் சென்னையிலிருந்து வருவதாக ஒப்புக்கொண்டார். காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்த பொன்னாடையை அவரே கொண்டுவருவார், ஆனால் தான் போர்த்திய பொன்னாடை தன் கண்முன் எழுந்து போனால் அது தனக்கு அவமரியாதை என்று அவருடைய உதவியாளர் போனில் சொன்னார். விழா நாளாகக் குறித்தது, ஆஸ்பத்திரியில் பாவாயிக்குக் குறித்துக் கொடுத்திருந்த அதே வெள்ளிக்கிழமை.

"ஏனுங்க, அன்னிக்கு அத்தைக்கு ஆபரேசனுங்க," என்றாள் சாந்தாமணி. அவர் கண்ணாடி முன் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திக்கலாம்."

"மாத்தி மாத்தித்தானுங்க ஒரு கண்ணு போச்சு."

"நாந்தான் விழா நாயகன் சாந்தாமணி. நான் இல்லாம எப்படி?"

"நீங்க இருங்க. காரை மட்டும் குடுங்க."

"மெட்ராஸ்ல இருந்து வர்றவர எதுல கூட்டியாரது? மாட்டு வண்டியிலயா?"

"அப்ப நாங்க பஸ்ஸுல போயிக்கறமுங்க."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "நாச்சிமுத்து அம்மா டவுன் பஸ்ஸுல தொங்கிட்டுப் போறாளாமான்னு ஊரு சிரிக்கோணுமா? அதுவும் விழா அன்னிக்கு? வர்றவங்களுக்கு எல போடறது ஆரு? பொழுதுக்கும் உங்களைத்தான மேடையில தூக்கி வெச்சுப் பேசறேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ணுவான்?"

சாந்தாமணி பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து பாவாயி பேசினாள். "கம்முனு விடு அம்மிணி. அவன் கூட வந்தாத்தான் எனக்குத் தெம்பு. என்ற பையன் சோலி முடிஞ்சு வரட்டும்."

சாந்தாமணிக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் முழுக்கப் புருஷன் மேல்தானா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமியார் தன் மகனுக்காகக் காத்திருந்து காத்திருந்தே ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றையும் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பற்றி எரிந்தது. மாவு ஆட்டப் போய்விட்டாள்.

மறுநாள் தேவராசன் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு, குரலைத் தணித்து, "அக்கா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லோணும்," என்றார். "விழாவுல உங்களப் பத்திப் பேச வேண்டாமுன்னு. நாங்க சொன்னா அவரு கேக்க மாட்டேங்கறாரு."

"பேசுங்கன்னு நாங்க எப்பங்க கேட்டோம்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. அவரு மனசுல நீங்கதான் இருக்கறீங்க. வாயில மட்டும் வேண்டாங்கறோம்."

"மனசுல எடம் இருக்கறது இருக்கட்டுங்க. கார்ல எடம் இருக்குதுங்களா? அத்தைய ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும்."

தேவராசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விழா முடியட்டுங்கக்கா," என்றார். "முடிஞ்ச கையோட நானே வண்டி பேசித் தர்றேன்." போகும்போது அரிசி மூட்டை மேல் இருந்த பொன்னாடைகளைப் பார்த்து, அதில் நல்லதாக ஒன்றிரண்டு கொடுத்தால் வார்டு விழாவுக்கு ஆகும் என்று கேட்டு, மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். தெருமுனை தாண்டுவதற்குள் அவை திரும்பி வந்து மூட்டை மேல் படுத்துக்கொண்டன.

வெள்ளிக்கிழமை காலையில் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெரிய மனிதர் கனமான பொன்னாடையை விரித்து நாச்சிமுத்துவின் தோளில் போர்த்தினார். நாச்சிமுத்து மைக்கைப் பிடித்தார். பழக்கத்தில் தொண்டை தானாகவே கம்மியது. தேவராசன் முன்வரிசையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினார். நாச்சிமுத்து ஒரு தரம் கனைத்துக்கொண்டு, சங்கத்தில் எல்லோருமாக உட்கார்ந்து அவருக்காகத் தயார் செய்ததை, மனப்பாடம் செய்த பிள்ளையைப்போல் சொன்னார்.

"இந்தப் பெருமை எனக்கே உரியது. யார் தயவும் இல்லாமல், ஒற்றை ஆளாக, என் சொந்த உழைப்பால் நான் அடைந்தது. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை."

மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொன்னாடையைப் பார்த்தது. அது ஓரத்தில் லேசாகத் துடித்தது. யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு அடங்கி, சுருக்கங்களை நீவிக்கொண்டு, அவர் கழுத்தோடு நன்றாக ஒட்டிப் படிந்தது. எழுந்த கைதட்டலுக்கு, அவர் இத்தனை வருஷம் தாயைச் சொல்லி அழவைத்தபோதெல்லாம் கிடைத்த கைதட்டலைச் சேர்த்து வைத்தாலும் ஈடாகாது. பெரிய மனிதர் போட்டோவுக்குத் திரும்பி நின்றார்.

முன்னறைக் கட்டிலில் பாவாயியின் கை வெங்காயத்தின் மேல் நின்றுவிட்டிருந்தது.

"இப்ப என்ன சொன்னான் அம்மிணி?"

அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்ற சாந்தாமணி, "கேட்டுச்சில்லீங்க," என்றாள்.

"மறுக்காச் சொல்லு."

"ஆருக்கும் பங்கில்லைன்னு சொன்னாருங்க."

ஒலிபெருக்கியில் கைதட்டல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. பாவாயி கத்தியைக் கீழே வைத்தாள். வலது கையைத் தூக்கி உச்சந்தலையைத் தொட்டாள். அங்கே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. எண்ணெய் டின்னும் சும்மாடும் உட்கார்ந்து உட்கார்ந்து வழித்த இடம், சுமப்பதை விட்ட பின்னும் முளைக்கவில்லை. அதை ஒருதரம் தடவினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மகனைத் திட்டவும் இல்லை. கட்டிலுக்கடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடினாள்.

"ஈரோட்டு பஸ்ஸு இப்ப ஒண்ணு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க அத்தை."

"அடுப்ப நிறுத்து."

சாந்தாமணி அடுப்பை நிறுத்தினாள். சாம்பார் பாதிக் கொதியில் இருந்தது, வடைக்கு அரைத்த மாவு கிண்ணத்தில் இருந்தது, வாழை இலைகள் கழுவி ஈரத்தோடு அடுக்கியிருந்தன. எதையும் மூடவில்லை. மாற்றுச் சேலை இரண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மண்டபத்து வாசலைத் தாண்டித்தான் பேருந்து நிலையம். வாசலில் நின்றவர்கள், நாச்சிமுத்துவின் தாயும் தாரமும் வெயிலில் நடந்து போவதைப் பார்த்தார்கள், வழிவிட்டார்கள். டீக்கடையிலிருந்து செங்கோடன் மட்டும் ஓடி வந்து, "பாத்துக் கால வையுங்க ஆயா, படி ஒசரம்," என்று பாவாயியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

பெரிய மனிதரையும் பரிவாரத்தையும் சாப்பிட அழைத்துக்கொண்டு நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தபோது, கதவு திறந்து கிடந்தது. உரித்த வெங்காயம் ஒரு பக்கம், உரிக்காதது ஒரு பக்கம். பெரிய மனிதர் கைகழுவிவிட்டு ஈரக்கையோடு கொஞ்ச நேரம் நின்றார். "வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்டார். நாச்சிமுத்து, "எனக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார். தேவராசன் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து முகர்ந்து பார்த்தார். கடைசியில் விருந்தாளிகள் எல்லோரும் காரில் ஏறி நெடுஞ்சாலை ஓட்டலுக்குப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு நாச்சிமுத்து பொன்னாடையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகம் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் அது அவர் தோளில் இருந்தது. கொடியில் போட்டார், வந்தது. பீரோவில் பூட்டினார், கதவிடுக்கு வழியே நாடா போல் நீண்டு வந்தது. உரியது என்று சொன்னார், உரியவரிடம் இருந்தது. அதைப் போர்த்தியபடியே படுத்தார், போர்த்தியபடியே மில்லுக்குப் போனார். பங்குனி வெயிலில் எண்ணெய்ப் பிண்ணாக்கு வாசனைக்கு நடுவில் அது அவர் கழுத்தை அரித்தது, முதுகில் வேர்க்குரு கொப்பளித்தது. மில்லில் வேலை செய்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கடைவீதியில் பார்த்தவர்கள், மாணிக்கம் வருது என்றார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வீட்டில் சோறு வடிக்கத் தெரியாமல் குழைத்தார். எந்த டப்பாவில் உப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் குழைந்தது ஆறிவிட்டது. பழைய பொன்னாடைகள் மூட்டை மேல் அடுக்காகப் படுத்துக்கொண்டு அவரைப் பார்த்தன. ஆள் இல்லாத வீட்டில், சுவரைப் பார்த்து, "இது அம்மாவுக்கும் சாந்தாமணிக்கும் உரியது," என்று சொல்லிப் பார்த்தார். கேட்க யாரும் இல்லாததால் அது அசையவில்லை. ஊரைக் கூட்டி மேடையில் சொல்லலாம். சொன்னால் வெள்ளிக்கிழமை சொன்னது பொய் என்றாகும், பட்டத்தைத் திரும்பக் கேட்டாலும் கேட்பார்கள். கடைசியில், அவர்களிடமே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

காரைத் தேவராசன் எதற்கோ எடுத்துப் போயிருந்தார். நாச்சிமுத்து டவுன் பஸ்ஸில் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஜரிகை குத்துகிறது, கொஞ்சம் மடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரியில், நீளமான வார்டின் கோடியில், ஜன்னலோரக் கட்டிலில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். கண்கட்டை அவிழ்த்திருந்தார்கள். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் முழுசாகத் தெரிந்திருக்கும், இப்போது பாதிதான் திரும்பும் என்று டாக்டர் சாந்தாமணியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாவாயிக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தை, எதிர்க்கட்டிலில் யாரோ உரித்து வைத்த ஆரஞ்சுத் தோலை, மருமகளின் காதோரம் தன் கண் மூடியிருந்த காலத்தில் வந்துவிட்ட நரையை, எல்லாவற்றையும் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஏதோ மின்னியதும் கண்ணை இடுக்கினாள்.

"ஆரம்மிணி அந்தப் பொம்பள? பட்டுச்சீலை கட்டிட்டு நிக்கறா."

சாந்தாமணி திரும்பிப் பார்த்தாள். "உங்க பையனுங்க."

"முத்துவா? எதுக்கு இந்த வேக்காட்டுல போத்திட்டு வந்திருக்கறான்? காச்சலா?"

நாச்சிமுத்து கட்டிலருகே வந்து நின்றார். மற்ற நோயாளிகளும் அவர்களோடு இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை பேர் பார்த்ததும் அவருக்குத் தோள் நிமிர்ந்தது, தொண்டை கம்மியது, கை இல்லாத மைக்கைத் தேடி உயர்ந்தது. "என்னைப் பெற்ற தெய்வமே," என்றார். "இந்தப் பொன்னாடை..."

"நிறுத்துங்க," என்றாள் சாந்தாமணி.

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் எதிர்க்கட்டிலில் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"சொல்லிப் போடாதீங்க. நீங்க சொன்னா அது வந்து எங்க மேல வுழும். எங்களுக்கு வேண்டாம். வேகுது."

"சாந்தாமணி, நான் மனசாரத்தான்..."

"மனசார வேண்டாமுங்க. நீங்களே போட்டுட்டு இருங்க." அவள் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்துக் கட்டில் மேஜையில் வைத்தாள். "சொட்டு மருந்து விடற நேரம். கண்ணு கலங்கிப் போயிரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு. நான் போயி ஒரு வாய் சாப்பிட்டு வர்றேன், காத்தாலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. அங்க கொழாய் இருக்குது. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு வந்து நீங்க விடுங்க."

அவர் அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கம்முனு விடு அம்மிணி என்று சொல்வாள் என்று அவர் ஒரு கணம் காத்திருந்தார். பாவாயி தலையைப் பின்னால் சாய்த்து, மிச்சமிருந்த கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து குழாயடிக்குப் போனார். குனிந்தபோது பொன்னாடை வழுக்கித் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி விழுந்தது; கடைசியில் கழுத்தில் சுற்றிக்கொண்டார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். நீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, துடைக்க எதுவும் கிடைக்காமல் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, பொன்னாடையின் நுனியைப் பிடித்துக் கையைத் துடைத்தார். ஜரிகை ஈரத்தை எடுக்கவில்லை, விரல்களில் பொடிப்பொடியாக மஞ்சள் ஒட்டியது.

வார்டு வாசல்வரை போயிருந்த சாந்தாமணி அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல தொடைக்காதீங்க," என்றாள். "போயி மறுக்காக் கழுவிட்டு வாங்க."